கிவுவின் தொட்டிலில் பெனி

பெனி அந்த வீட்டுக்கு வந்தது ஒரு கோட்டுக்குள் ஒளிந்துகொண்டுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, நவம்பர் மாதம், சாயங்கால மழை. இர்மா காலெபாவுட் சூளைத் தெருவில் சைக்கிளை மூச்சு வாங்க மிதித்து வந்தாள். கோட்டின் மேல் பொத்தான் போடாமல் இருந்தது. அந்தச் சந்து வழியாக ஒரு கறுப்புக் கை நீண்டு அவள் கழுத்துத் துணியை இறுகப் பிடித்திருந்தது. எதிரே வந்த பால்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இர்மா வீட்டில் ஒரு கொரில்லாக் குட்டி இருப்பது ஊருக்கே தெரியும். இரண்டாவது ஒன்று என்பதுதான் யாருக்கும் தெரியக் கூடாத விஷயம்.

அடுப்படியில் ஒடிலோன் சட்டையைக் கழற்றிவிட்டு, செங்கல் தூசி படிந்த முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான். இர்மா கோட்டைத் திறந்ததும் துண்டு அவன் கையிலேயே நின்றுவிட்டது.

"என்னடி இது? இன்னொண்ணா?"

"கத்தாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"நான் சூளையிலேர்ந்து வீட்டுக்கு வர்றேனா, காட்டுக்கு வர்றேனான்னு தெரியல. ஒருத்தி தாடியப் பிடிச்சு இழுக்கிறது போதாதுன்னு..." சொல்லிக்கொண்டே கிட்டே வந்து பார்த்தவன் பேச்சை நிறுத்திவிட்டான். குட்டியின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவை எதையும் பார்க்கவில்லை. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

"சாகப் போகுதா?"

"டாக்டர் வீட்ல இருந்தா நாளைக்குச் செத்துடும்," என்றாள் இர்மா.

அவர்கள் மகள் மிரெய்ல் ஆறு வயதுக்காரி. அவளுடைய பழைய மரத்தொட்டிலில் முதல் குட்டி கிவு தூங்கிக்கொண்டிருந்தாள். இர்மா பெனியைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் கிடத்தினாள். கிவு கண் விழித்தாள். முகர்ந்தாள். பிறகு ஒரு காலைத் தூக்கி அவன் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு திரும்பவும் தூங்கிப்போனாள். பத்து நாளாக எந்தப் பால்புட்டிக்கும் வாய் திறக்காத பெனி, அன்று ராத்திரி புட்டியில் முக்கால்வாசியைக் குடித்தான்.

இர்மா செய்த தவறு அவ்வளவுதான். அதைத் தவறு என்று சொல்ல அன்றைக்கு உலகத்தில் ஆள் கிடையாது.

*

ஊர் மிருகக்காட்சி சாலையைத் தொடங்கியவர் ஒரு சூளை முதலாளி. இர்மா பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, பதினேழில் அங்கே சமையல் கட்டில் சேர்ந்தவள். கேரட் நறுக்கினாள், மீன் கழுவினாள், பன்றிகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள். கையில் பக்குவம் இருக்கிறது என்று குரங்கு வீட்டுக்கு மாற்றினார்கள். குட்டிகள் வந்தால் வேலைக்காரப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பால் கொடுத்து வளர்ப்பது அந்தக் கால வழக்கம். தொட்டில், குல்லாய், கம்பளிக் காலுறை எல்லாம் உண்டு. தாய்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெனி கப்பலில் வந்து இறங்கியபோது அவன் விலாவில் மூன்று ஈயக் குண்டுகள் இருந்தன. இரண்டை எடுத்தார்கள். மூன்றாவது நுரையீரலுக்குப் பக்கத்தில் இருந்ததால் தொடாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குண்டுகளைச் சுட்டவன் குறிவைத்தது குட்டியை அல்ல, குட்டியை மார்போடு அணைத்திருந்தவளை.

இரண்டு குட்டிகளும் கிழக்குக் கொரில்லாக்கள். மற்ற ஊர்க் கூண்டுகளில் இருப்பவை எல்லாம் மேற்குப் பக்கத்து இனம். அவற்றை விட இவை பெரியவை, முகம் நீளம், முடி கருகரு என்று இருக்கும். காங்கோவின் கிழக்கு மலைக்காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கூண்டுகளில் வாழ்பவற்றைக் கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் மிருகக்காட்சி சாலை இயக்குநர் கண்டிப்பான உத்தரவு ஒன்று போட்டிருந்தார்: ஒரு வீட்டுக்கு ஒரு குட்டி. அதற்கு முந்தின ஆண்டு ஒரே அறையில் வைத்திருந்த இரண்டு சிம்பன்சிக் குட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் காசநோய் தொற்றிச் செத்திருந்தன. ஆகவே கிவு இர்மா வீட்டுக்கு, பெனி மிருக வைத்தியர் டாக்டர் லனோய் வீட்டுக்கு என்று முடிவானது.

டாக்டர் லனோய் வீட்டில் பேச்செல்லாம் பிரெஞ்சு. வேலைக்காரியைத் திட்டும்போது மட்டும் ஊர்ப் பேச்சான ஃபிளெமிஷ். அவர் மனைவிக்குக் குட்டியின் வாடை ஆகவில்லை. துணி துவைக்கும் அறையில் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். பத்தாம் நாள் டாக்டர் இர்மாவைப் பின்வாசலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பின்வாசலில் நின்றபடியே பேசினார்.

"இர்மா, இதை எடுத்துக்கிட்டுப் போ. உன் கைக்குப் பிழைச்சாலும் பிழைக்கும்."

"இயக்குநர் ஐயா உத்தரவு இருக்கே டாக்டர்."

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? பதிவேட்டுல என் வீட்டுல இருக்கறதாத்தான் எழுதுவேன். நீயும் வாயத் திறக்காத."

இர்மா வாயைத் திறக்கவில்லை. இரண்டரை வருஷம். வீட்டுக்கு யாராவது பார்க்க வந்தால் ஒன்றைத்தான் கூடத்துக்குத் தூக்கி வருவாள். மற்றது மாடியில் மிரெய்லோடு கட்டிலுக்கு அடியில் ஒளிந்து விளையாடும். ஒரு தடவை சூளைக் கணக்கர் வந்திருந்தபோது மாடியில் தடதடவென்று ஓட்டம். "எலியா?" என்றார் அவர். "ஆமா, பெரிய எலி. பூனையைத் தின்னுடுச்சு," என்றான் ஒடிலோன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒடிலோன் காலையில் சூளைக்குக் கிளம்புமுன் காப்பிக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, தடித்த ரொட்டித் துண்டை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கம் கீழே வர முக்குவான். மூன்று எண்ணுவான். சொட்டு விழுமுன் கிண்ணத்தோடு வாயைக் கொண்டுபோய் உறிஞ்சுவான். சூளைத் தெரு முழுக்க அப்படித்தான் தின்னும். ஊரின் மேல்பக்கத்துப் பெரிய வீடுகளில் அப்படித் தின்றால் பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். கிவுவும் பெனியும் மேசைமேல் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஒரு நாள் கிவு தன் ரொட்டியை மடித்துப் பால் கிண்ணத்தில் முக்கினாள். மறுநாள் பெனி. பெனிக்கு அவசரம் அதிகம். தன்னுடையதைத் தின்று முடித்துவிட்டுக் கையை நீட்டுவான். கிவு நனைந்த துண்டில் பாதியைப் பிய்த்து அவன் கையில் வைப்பாள்.

"பாரு, எனக்குப் பொறந்ததுங்க," என்று ஒடிலோன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

*

அறுபத்தொன்பது மார்ச்சில் புதுக் கொரில்லா வீடு கட்டி முடிந்தது. கண்ணாடிச் சுவர், சூடேற்றிய தரை. இரண்டு குட்டிகளையும் 'முதல் தடவையாக'ச் சந்திக்கவைக்க நாள் குறித்தார்கள். செய்தித்தாள்காரர்கள் வந்தார்கள். இயக்குநர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். இந்தப் பக்கக் கதவை இர்மா திறந்தாள், அந்தப் பக்கக் கதவை டாக்டர் லனோய்.

இரண்டும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டன. உருண்டன. பெனி கிவுவின் காதைக் கடித்தான். கிவு அவனைத் தலைகுப்புறக் கவிழ்த்து மேலே ஏறி உட்கார்ந்தாள்.

"பார்த்த மாத்திரத்திலே காதல்!" என்று இயக்குநர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மறுநாள் படத்துக்கு அடியில் 'கல்யாணம் நிச்சயம்' என்று போட்டார்கள். இர்மா தன் மரக்காலணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பிழைக்கவே பிழைக்காது என்ற குட்டியை டாக்டர் வீட்டார் வளர்த்து ஆளாக்கினார்கள் என்று அவருக்கு ஒரு பதக்கமும் கிடைத்தது. இர்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. அவன் பிழைத்தான், கிவுவோடு இருக்கிறான். அது போதும் அவளுக்கு.

அதன் பிறகு ஊர் காத்திருந்தது. கிவு வயதுக்கு வந்தாள். பெனி மெல்ல மெல்ல மலைபோல வளர்ந்தான். எழுபத்தெட்டில், முழு ஆண் ஆனதற்கு அடையாளமாக, அவன் முதுகு வெள்ளி பூத்தது. குட்டி வரப்போகிறது என்று கொரில்லா வீட்டில் மூலையொன்றை வைக்கோல் பரப்பித் தயாராக வைத்தார்கள். வைக்கோல் மக்கியது, மாற்றினார்கள், திரும்பவும் மக்கியது. மாதத்தில் இணை தேடும் இரண்டு மூன்று நாள் கிவு நிலைகொள்ளாமல் அலைவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தாடி வைத்த ஆண் யாராவது நின்றால் அவரைச் சேர அழைப்பதுபோல முதுகைக் காட்டி நிற்பாள். பெனியைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவனும் அப்படியே. இரண்டும் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்து ஒன்றின் தோளில் மற்றது பேன் பார்க்கும். ராத்திரி ஆனால் ஒரே வைக்கோலில் கால்மேல் கால் போட்டுத் தூங்கும்.

உடன் வேலை பார்த்த சிரில் வாய் சும்மா இருக்காது.

"இர்மா, உம் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கருப்பு பீர் குடுத்துப் பாரேன். எனக்கு அதுலதான் நாலு பொறந்துச்சு."

"உனக்கு நாலும் பீருலயா பொறந்துச்சு? உம் பொண்டாட்டிகிட்டக் கேக்கறேன் இரு."

சிரிப்பாள். சிரித்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைப்பாள். தன் கையால் வளர்த்த பெண்ணின் மடியில் ஒரு பிள்ளையைப் பார்க்காமல் வேலையிலிருந்து ஓய்வு பெறக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

*

எண்பத்து நாலில் லுட்கார்ட் என்ற பெண் வேலைக்கு வந்தாள். உயிரியல் படித்தவள், இருபத்தேழு வயது. பீட்ரூட் விளையும் கிராமத்து ரொட்டிக் கடைக்காரர் மகள். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக் கதவைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். பட்டத்தைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தாள். ஆனால் வந்த முதல் வாரமே முழங்கால் வரை சாணியில் நின்று கூண்டு கழுவினாள். இர்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு அறையில் லுட்கார்ட் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு சூப் குடித்தாள்.

"இர்மா, எனக்குத் தலையே வெடிக்குது. இந்த இனத்தில ஐரோப்பா முழுக்க நல்ல வயசுல இருக்கற ஆண் பெனி ஒருத்தன்தான். ரைன் ஆத்துக் கரையில ஓர் ஊர்ல ஒரு பொட்டை இருக்கு. தனியா உக்காந்துக்கிட்டு, ஜோடி இல்லாம. இங்க ஜோடி இருந்தும் குட்டி இல்ல. ஏன்?"

"பிடிக்கலையோ என்னவோ."

"ஒரே தொட்டில்ல வளர்ந்ததுங்களா இருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். இப்ப நாலு ஊர்ல பாத்துட்டாங்க. குட்டியில சேத்து வளர்த்தா அதுங்க அண்ணன் தங்கச்சி மாதிரி ஆயிடுது. ஜென்மத்துக்கும் சேராது. அப்படின்னா சிக்கலே இல்ல, பிரிச்சு அந்தப் பொட்டைகிட்ட பெனிய அனுப்பிடலாம். ஆனா இதுங்க மூணு வயசுக்கு மேல தானே ஒண்ண ஒண்ணு பாத்துச்சு? அப்படிச் சந்திச்ச ஜோடிங்க மத்த ஊர்ல குட்டி போட்டிருக்கு." பதிவேட்டில் டாக்டர் லனோயின் வரியை விரலால் தட்டினாள். "அப்ப கோளாறு பெனி உடம்புலதான் இருக்கணும். மயக்க ஊசி போட்டு விந்து எடுத்துச் சோதிக்கணும்."

இர்மா கையிலிருந்த கரண்டியைச் சூப்பில் வைத்தாள். அதன்பின் எடுக்கவில்லை.

அன்று வீட்டுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனாள். இத்தனை வருஷம் ஊர் கேட்ட கேள்விக்குப் பதில் தன் வீட்டு மாடியில் கிடக்கும் மரத்தொட்டில் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒடிலோனிடம் சொன்னாள்.

"சொல்லிடு," என்றான் அவன்.

"சொன்னா அவனை லாரியில ஏத்தி அனுப்பிடுவாங்க. பத்து நாள் தனியா இருந்ததுக்கே உசிர விடப் பாத்தவன். கிவு என்ன ஆவா? நான் என்னன்னு சொல்லி அவளைச் சமாதானம் பண்றது?"

"சொல்லலன்னா?"

"ஊசி போடுவாங்க. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதும் விட்டுடுவாங்க."

அவள் போட்ட கணக்கு அது. செப்டம்பரில் முதல் ஊசி போட்டார்கள். பாதியில் பெனிக்கு மூச்சு நின்றது. டாக்டர் லனோய் ஓய்வு பெற்ற பிறகு வந்த புது வைத்தியர் மார்பை அமுக்கி அமுக்கி மீட்டார். எடுக்க வேண்டியதை எடுக்க முடியவில்லை. எழுந்தபோது பெனி மூன்று நாள் இருமினான். அந்த மூன்று நாளும் கிவு அவன் தலையைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். டிசம்பரில் இரண்டாவது தடவை என்று நாள் குறித்தார்கள்.

*

நவம்பரில் ஒரு காலை லுட்கார்ட் கையில் காப்பியோடு கொரில்லா வீட்டின் பின்கட்டுக்கு வந்தாள். காலைத் தீனியை மட்டும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் தனித்தனியாகக் கொடுப்பது வழக்கம். இல்லாவிட்டால் பெனி எல்லாவற்றையும் தின்றுவிடுவான். ஆளுக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம், ரொட்டி, கீரைக் கட்டு. பெனி ரொட்டியை இரண்டாக மடித்தான். மடிப்புப் பக்கம் கீழே வர முக்கினான். கொஞ்சம் பொறுத்தான். கிண்ணத்தைத் தூக்கி வாயோடு சேர்த்து உறிஞ்சினான். பிறகு கம்பி வழியாகக் கையை நீட்டினான். கிவு தன் பாதியைப் பிய்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

லுட்கார்ட்டின் காப்பி வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

"எங்கப்பா இப்படித்தான் தின்பாரு," என்றாள் மெதுவாக. "இர்மா, இதை இதுங்களுக்கு யாரு கத்துக்குடுத்தா?"

"கிவு எங்க வீட்ல வளர்ந்தவ இல்ல? ஒடிலோனப் பாத்துக் கத்துக்கிட்டா."

"பெனி?"

"கிவுவப் பாத்து."

"கிவு மடிக்கும்போது இடது கைய மேல வைக்கிறா. அவளப் பாத்துக் கத்துக்கிட்டிருந்தா அவனும் இடது கைய வைக்கணும். அவன் வலது கைய வைக்கிறான், ஒடிலோன் மாதிரி." ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட வந்தபோது அவள் பார்த்திருந்தாள். "டாக்டர் லனோய் வீட்டு மேசையில எவனாவது காப்பியில ரொட்டி முக்குவானா? அந்த அம்மா மயக்கம் போட்டு விழுந்துருக்கும்."

"வேலைக்காரி முக்கியிருப்பா."

"இர்மா. நான் உங்கள நம்பறேன். அதனால ஒரே ஒரு தடவைதான் கேக்கறேன். அவனும் உங்க வீட்லயா இருந்தான்?"

கிவு கம்பிக்கு அப்பால் தண்ணீரில் மிதந்த ரொட்டித் துணுக்கைச் சுண்டுவிரலால் எடுத்துக்கொண்டிருந்தாள். பெனி கையை இன்னும் உள்ளே இழுக்கவில்லை. இன்னொரு துண்டு கிடைக்குமா என்று பார்த்தான்.

"இல்ல பொண்ணே," என்றாள் இர்மா. "டாக்டர் எழுதினதுதான் சரி."

*

அந்த ஞாயிறு மத்தியானம் அவள் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போனாள். டாக்டர் லனோய் ஜன்னலோரம் முழங்காலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"நீ பேசினா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். "நான் பொய்யன்னு ஊருக்கே தெரியும். அந்தப் பதக்கம் அதோ சுவத்துல இருக்கு, பாரு. நான் இன்னும் எத்தனை நாள் இருக்கப் போறேன் இர்மா? நான் போனப்புறம் சொல்லேன்."

"ஊசி பதினொண்ணாந்தேதி டாக்டர். அவன் நெஞ்சு தாங்குமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தக் குண்டு இருக்கற இடத்துலயே இருந்தா ஒண்ணும் ஆகாது."

அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் தேடிப் போனதும் பதிலை அல்ல. பேசாதே என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லிவிட்டார். வாசலில் கன்னியாஸ்திரி கொடுத்த இஞ்சி பிஸ்கட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு திரும்பினாள். மறுநாள் அதை இரண்டாக உடைத்து இரண்டுக்கும் கொடுத்தாள்.

பதினொன்றாம் தேதி காலை உறைபனி. பெனி யார் ஊசி வைத்தாலும் கம்பியைக் குலுக்குவான், மலத்தை அள்ளி எறிவான். இர்மா கேட்டால் மட்டும் கையை நீட்டுவான். அதனால் புது வைத்தியர் பின்னால் நிற்க, இர்மாதான் கம்பி அருகே முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"பெனி, கையக் குடு. அம்மாகிட்டக் கைய குடுடா."

கொடுத்தான். உள்ளங்கை மேலே பார்க்க, ரொட்டிக்கு நீட்டுவது போலவே. இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் அவள் நாக்கு எழும்பியது. இப்போது சொன்னால் லுட்கார்ட் எல்லோரையும் நிறுத்திவிடுவாள். நாளைக்கு லாரி வரும். அதற்குள் வைத்தியர் குனிந்து ஊசியை இறக்கிவிட்டார். பெனி சுருக்கென்று அவளைப் பார்த்தான், கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் விரல்கள் அவள் விரல்களைச் சுற்றித் தளரத் தளர அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்து மூச்சு நின்றது. இந்தத் தடவை மீளவில்லை.

அறுத்துப் பார்த்த வைத்தியர் மாலையில் கைகழுவிக்கொண்டே சொன்னார். அந்த மூன்றாவது குண்டைச் சுற்றி நுரையீரல் கல்போல இறுகிப்போயிருந்தது. எதற்காக அவனைப் படுக்கவைத்தார்களோ அதில் ஒரு குறையும் இல்லை. "பத்துக் குட்டிக்கு அப்பனாகியிருப்பான்," என்றார். அந்த மனிதர் கெட்டவர் அல்ல. களைத்துப் போயிருந்தார்.

*

இர்மா லுட்கார்ட்டின் அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை. கோட்டு, சைக்கிள், பின்வாசல், தொட்டில் என்று ஒன்று விடாமல் சொன்னாள். முடிந்ததும் லுட்கார்ட் பதிவேட்டை எடுத்து விரித்து, பேனாவை மேலே வைத்தாள்.

"எழுதுங்க."

"என் எழுத்து நல்லா இருக்காது."

"உங்க கையாலதான் இருக்கணும்."

இர்மா நின்றபடியே குனிந்து எழுதினாள். டாக்டரின் அழகான எழுத்துக்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தாக, வரி கோணி இறங்கியது: பெனி, 1966 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை, என் வீட்டில், கிவுவின் தொட்டிலில். இ. காலெபாவுட்.

லுட்கார்ட் மை காயும் வரை அதைப் பார்த்தாள்.

"நான் கேட்டப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா பிரிச்சிருப்பீங்க."

"ஆமா. பிரிச்சிருப்போம்." லுட்கார்ட் பதிவேட்டை மூடினாள். "உசிரோட பிரிச்சிருப்போம், இர்மா."

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றி என்றுமே பேசிக்கொள்ளவில்லை. வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று இர்மா எதிர்பார்த்தாள். அனுப்பவில்லை. கிவுவுக்கு வேறு ஆள் கிடையாது. ரைன் கரை ஊருக்கு லுட்கார்ட் ஒரு கடிதம் எழுதினாள். அவர்கள் இரங்கல் தெரிவித்துப் பதில் எழுதினார்கள். அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி. நடுவில் யாரும் இல்லை. அந்த இனத்துக்கு ஐரோப்பாவில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு அத்தோடு முடிந்தது. சிரில் பீர் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை ஒடிலோன் ரொட்டியை மடித்துக் கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோனான். எதிரே இருந்த இர்மாவின் முகத்தைப் பார்த்தான். அப்படியே எடுத்து வறட்டு ரொட்டியாகக் கடித்துத் தின்றான். அன்றையிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான்.

கிவுவுக்கு யாரும் எதையும் சொல்ல முடியாது. காலைத் தீனிக்குத் தன் கூண்டுக்குப் போவாள். ரொட்டியை மடித்து முக்குவாள். பாதியைப் பிய்த்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். வாங்க ஆள் வராததால் பிறகு அதைக் கம்பியடியில் சிமெண்டுத் தரையில் வைப்பாள். தினமும் இர்மா அந்தக் காலிக் கூண்டுக்குள் போய் ஊறிப்போன துண்டை வழித்தெடுத்துத் தரையைக் கழுவுவாள். கிறிஸ்துமஸ் போனது, பனிக்காலம் போனது. வாசலில் வசந்தத்தின் முதல் பூவான குரோக்கஸ் பூத்தது. தினமும் ஒரு துண்டு இருந்தது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை இர்மா வாளியோடு உள்ளே போனாள். தரை காய்ந்து கிடந்தது. கம்பிக்கு அப்பால் கிவு இரண்டு பாதியையும் தின்று முடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். இர்மா அந்த வெறும் தரையில் தண்ணீரை ஊற்றினாள். கழுவ ஒன்றும் இல்லாவிட்டாலும் துடைப்பத்தை எடுத்து, மூலை முதல் மூலை வரை தேய்க்க ஆரம்பித்தாள்.